செயலியா, செயல்வீரரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் ஒழுங்காகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்னால் வர வேண்டியது பின்னால் போய்விடும். பின்னால் வர வேண்டியதை எடுத்த எடுப்பிலேயே உளறிவிடுவேன். மேடை என்றால் எப்படியோ கோத்துப் பேசிவிடுவேன். என் சொந்த விஷயம் என்று வந்தால் நாக்கு புரண்டுவிடும். நான் தப்பாகச் சொல்லி, நீங்கள் இறங்கிப் போய் உங்கள் வீட்டில் அதை இன்னும் தப்பாகச் சொல்லி, அது இன்னொரு வீடியோவாகி... வேண்டாம் தாயே. அந்தப் போனைப் பைக்குள் வையுங்கள். வைத்துவிட்டீர்களா? சரி.

ஆமாம், நான்தான். கோவில்பட்டியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். "நீங்க அந்தச் செயலி அம்மாதானே?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். அந்த மட்டுக்கும் நல்லது. சாத்தூரில் ஒருத்தர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏய், ஆப்பு அம்மாடா!" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

நீங்கள் பார்த்தது ஒரு துண்டு. ஒரு அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசுவாள், எல்லாரும் சிரிப்பார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும். அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். தெரியாது. ரெண்டுமே நிஜம். பார்த்தீர்களா, அதற்குள் தப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் சண்முகவடிவு. திருநெல்வேலி. நோட்டீஸில் 'நகைச்சுவை நாவரசி' என்று போடுவார்கள். படிப்பு ஏழாம் வகுப்பு. மேலே படிக்க அப்பா விடவில்லை. நானும் அழுது பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தவறின பிறகு மகள் சுபா வீட்டில்தான் இருக்கிறேன். மகள் வீட்டில் இருப்பது என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தால்கூட முனையில்தான் உட்காருவேன். மாப்பிள்ளை ஆவுடையப்பன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், தங்கமான மனிதர். அவர் அம்மா, அதுதான் சம்பந்தியம்மா, வரும்போதெல்லாம் என் துணி காய்கிற கொடியை ஒருமுறை பார்ப்பார்கள். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள், கொடியைத்தான் பார்ப்பார்கள்.

மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் நான் மாமியார்க் கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்ததை, அன்றைக்குத் தலைமை தாங்க வந்திருந்த பேராசிரியர் தில்லைநாயகம் ஐயா கேட்டார். அவர் பட்டிமன்ற நடுவர். தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். கோயில் கொடைத் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் போனோம். மாமியாரா மருமகளா, பணமா குணமா, எதைக் கொடுத்தாலும் பேசுவேன். மேடையில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவேன். அங்கே யாரும் கொடியைப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் நடுவில் கொஞ்ச நாளாக எனக்குச் சரியாக வரவில்லை. வள்ளியூரில் பேசினேன், ஒரு கைதட்டல் இல்லை. சங்கரன்கோவிலில் நான் பேசும்போது பாதிக் கூட்டம் எழுந்து பஜ்ஜி வாங்கப் போய்விட்டது. திரும்பும்போது வேனில் ஐயா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அம்மா, ஜனம் மாறிட்டுது. அடுத்த மேடையில கைதட்டு வரலேன்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும். வருத்தப்படாதீக." வருத்தப்படாதீக என்று சொன்னார் பாருங்கள், அவரும் நல்லவர்தான்.

அந்த அடுத்த மேடைதான் இது.

நவிரா என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா, மடியில் வைத்துத் தட்டுவார்களே, அந்தக் கம்பெனியின் விழா. எங்கள் மாப்பிள்ளை வேலை பார்ப்பதும் அந்தக் கம்பெனி ஷோரூமில்தான். அவர்கள் விற்பனை திடீரென்று ஏறிவிட்டதாம். கடைக்காரர்களையும் வேலை பார்ப்பவர்களையும் கூட்டி விருந்து வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பட்டிமன்றம். ஐயா போனில் தலைப்பைச் சொன்னார்: "விற்பனை வளர்ச்சிக்குப் பெரிதும் காரணம் செயலியா, செயல்வீரரா?" அவருக்கே அந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்திருந்தது, ரெண்டு தடவை சொன்னார். "செயல்வீரர்னா விக்கிற பையன்க. நீங்க செயலி அணி. கடைசியாப் பேசுதீக. தூள் கிளப்பணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செயலி என்றால் என்ன என்று அவரிடம் கேட்க எனக்கு வெட்கம். வேனில் வாங்கின பேச்சு இன்னும் காதில் இருந்தது. சுபாவிடம் கேட்டேன்.

"ஏட்டி, செயலின்னா என்னட்டி?"

"போன்ல இருக்குமேம்மா. ஆட்டோ கூப்பிடுதோம், கரண்ட் பில் கட்டுதோம், அது. ஆப்பு."

"ஆப்பா?"

"ஆப்புதான். தமிழ்ல செயலி."

மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். மாப்பிள்ளை முன்னால் நான் பேச்சைப் பழகிப் பார்க்க மாட்டேன். அவர் வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் நின்று குக்கரிடம்தான் பேசிப் பழகுவேன். அவரும் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "எங்க மேனேஜர் முன்னால எங்க அத்தை பேசப் போறாக" என்று கடையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நான் ஆப்பை வைத்து நல்ல நல்ல ஜோக்காகக் கட்டினேன். இந்தத் தடவை கைதட்டு நிச்சயம் என்று மனசு சொன்னது.

விழா வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஓட்டலில். ஏசி ஹால். மேடைக்குப் பின்னால் ஒரு சினிமாத் திரை மாதிரி. முதலில் சென்னையிலிருந்து வந்த மேனேஜர் பேசினார். நிகிலன் என்று பெயர், சின்ன வயசுதான். திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். தரையோடு படுத்துக் கிடந்த கோடு திடீரென்று எழுந்து நிமிர்ந்து நின்றது. "இங்கதான் பழைய செயலியை எடுத்துட்டு, எங்க சொந்தச் செயலியை உள்ளே வச்சோம்" என்று அந்தக் கோடு எழுந்திருக்கிற இடத்தைக் காட்டினார்.

உள்ளே வைத்தோம் என்கிறார். எதற்கு உள்ளே? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர், என் அணிதான், அவரிடம் குனிந்து கேட்டேன்.

"சார், செயலின்னா போன்ல இருக்குறதுதானே?"

"அது வேற செயலிம்மா. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சில்லு. அதுக்கு மூளை மாதிரி. ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே பேரை வச்சுத் தொலைச்சிட்டாங்க." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க எதைத் தயார் பண்ணிட்டு வந்தீங்க?" என்றார்.

நான் ஒன்றுமில்லை என்றேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் இறங்கிப் பின்பக்கம் போனேன். அங்கே பேனர் சட்டங்களுக்கு நடுவில் மாப்பிள்ளை நின்றார். எனக்காகத்தான் காத்திருந்தார்.

"அத்தை, ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. நல்லாப் பேசிராதீங்க."

எனக்குப் புரியவில்லை.

"செயலியாலதான் எல்லாம் விக்குதுன்னு நீங்க நிரூபிச்சிட்டீங்கன்னு வைங்க. அப்ப நாங்க எதுக்கு? சென்னையில அந்தப் பேச்சுதான் ஓடுது. சரக்கு தானா விக்குது, ஷோரூம்ல இத்தனை பேர் எதுக்குன்னு. நிகிலன் சார் சும்மா வரல. ஜனம் எதுக்குக் கைதட்டுதுன்னு பாக்க வந்திருக்காரு. என் சொந்த மாமியாரே மேடையேறி, ஆளே வேண்டாம்னு சொன்னா எப்படி இருக்கும்?"

பட்டிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாராவது ஆளைக் குறைப்பார்களா என்று இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வேலை போனால் அந்த வீடு போகும். வீடு போனால் அவர்கள் ரெண்டு பேரும் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போவார்கள். அங்கே எனக்கு ஏது கொடி?

"அப்போ நான் மோசமாப் பேசட்டுமா மாப்பிள்ளை?"

"அது உங்க சாமர்த்தியம் அத்தை. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

போய்விட்டார். நன்றாகப் பேசினால் மாப்பிள்ளை வேலை. மோசமாகப் பேசினால் என் மேடை. அதுவும் போகட்டும், நன்றாகவோ மோசமாகவோ பேச எனக்கு அந்தச் சில்லைப் பற்றி என்ன தெரியும்? வயிற்றுவலி என்று ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலில் எங்கள் ஐயா நின்று யாருக்கோ வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். மேடைக்கே திரும்பினேன்.

தமிழாசிரியர் எழுந்து அழகாகப் பேசினார். பழைய சில்லு இருந்தபோது கம்ப்யூட்டர் மடியைச் சுட்டது, விசிறி ரைஸ்மில் மாதிரி இரைந்தது, மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்தது. புதுச் சில்லு வந்த பிறகு சூடும் இல்லை, சத்தமும் இல்லை, காலையில் போட்ட சார்ஜ் ராத்திரி வரை நிற்கிறது. இத்தனை வருஷமாக இதே பையன்கள்தானே விற்றார்கள், அப்போது ஏன் கோடு எழுந்திருக்கவில்லை? மாறினது ஆளா, மூளையா? கைதட்டினார்கள். மாப்பிள்ளை கைதட்டவில்லை. நான் பார்த்தேன்.

எதிரணிக்கு வக்கீல் சுடலைமுத்து. அவர் எழுந்தாலே சிரிப்பார்கள்.

"நடுவர் அவர்களே! அந்தக் கோடு ஏறினதைக் காட்டுனாக. அதுக்கு முந்தி ஏன் படுத்துக் கிடந்ததுன்னு சொன்னாகளா? புதுசு வருது, புதுசு வருதுன்னு ஒரு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தா எந்தக் கிறுக்கன் பழசை வாங்குவான்? எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். அவ்வளவு பேரும் சேர்ந்து இப்ப வாங்குதான். கல்யாண வீட்டுல முதப் பந்திக்கு இலையே போடலை. ரெண்டாம் பந்தியில கூட்டம் தள்ளுது. உடனே சமையக்காரர் வந்து, ஆஹா, என் சாம்பாருக்கு வந்த கூட்டத்தைப் பாருங்கன்னா, விடுவமா?"

ஹாலே அதிர்ந்தது. அதோடு விட்டாரா? கூட்டத்தைப் பந்தியில் உட்கார வைத்தது யார், இலை போட்டது யார், வாங்க வந்த ஆளின் மகன் என்ன படிக்கிறான் என்று விசாரித்து, அதற்கு எது தோது என்று எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டார். மேனேஜர்கூடச் சிரித்தார். ஆனால் அவர் எழுதிக்கொண்டும் இருந்தார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் எனக்கு மாப்பிள்ளை சொன்னதெல்லாம் நிஜம் என்று ஆகிவிட்டது.

"அடுத்து, செயலி அணியின் நகைச்சுவை நாவரசி!"

நாற்காலியிலிருந்து மைக் வரைக்கும் நாலு எட்டு இருக்குமா? அதற்குள்தான் எனக்குத் தோன்றியது. நான் கட்டிக்கொண்டு வந்த தப்பான பேச்சையே பேசிவிட்டால் என்ன? ஜோக் இருக்கிறது, கைதட்டு வரும், ஐயா என்னை விட மாட்டார். சில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் செயலி அணி ஜெயிக்காது, மாப்பிள்ளைக்கும் ஆபத்து இல்லை. படிக்காதவள், ஏழாம் வகுப்பு, தெரியாமல் பேசினாள் என்பார்கள். என்ன இப்போது? நான் படிக்காதவள்தானே.

பேசினேன்.

"நடுவர் அவர்களே! செயலி, செயலின்னு நீட்டி முழக்குதாக. அது என்ன? ஆப்பு! முன்ன எல்லாம் நமக்கு ஆப்பு வைக்கணும்னா அடுத்த வீட்டுக்காரன் மெனக்கெட்டு வரணும். இப்ப நம்மளே ஆசைப்பட்டு, விரலால தொட்டு, நம்ம போன்லயே ஆப்பு வச்சுக்கிடுதோம்!"

அவ்வளவுதான். வக்கீல் மேசையைத் தட்டுகிறார். தமிழாசிரியர் தலையில் கை வைத்துவிட்டார். நான் விடவில்லை. ஆட்டோ ஆப்பு, சோறு ஆப்பு, கல்யாண ஆப்பு என்று வரிசையாக வைத்தேன். ஐயா மணியை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, அம்மா! இந்தச் செயலி போன்ல இல்லம்மா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற சில்லு!"

நான் திருதிருவென்று முழித்தேன். அந்த முழி நடிப்பு. நீங்கள் வீடியோவில் பார்த்தீர்களே, அந்த முழிதான். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "அப்போ ஆப்பு எனக்குத்தானாய்யா?" என்றேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள் தாயே. என் ஆயுசில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கினதில்லை. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "செயலி அணிக்கே செயலின்னா என்னன்னு தெரியல. அப்படின்னா அதை இந்த அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆள்தான் செயல்வீரர். வளர்ச்சிக்குக் காரணம் அவரே!" கடைப் பையன்கள் விசிலடித்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் ரத்தம் திரும்ப ஓடினதை மேடையிலிருந்தே பார்த்தேன். பொன்னாடை போட்டார்கள். நான் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். அல்வாகூட ரெண்டாவது தடவை வாங்கினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். வீதியில் நடக்க முடியவில்லை. காய்க்காரர், "செயலியம்மா, வெண்டைக்காயில ஆப்பு இருக்கான்னு பாத்து எடுங்க" என்கிறார். சுபா அலுவலகத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "கேட்டிருந்தா நான் ஒழுங்காச் சொல்லியிருப்பேனேம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? உங்க அம்மா படிக்கலையான்னு கேக்கறாங்க." சம்பந்தியம்மா வந்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். "எங்க சம்பந்தியம்மா உலகம் பூரா பேரெடுத்துட்டாக. எங்க சொந்தக்காரங்க எல்லாம் என்கிட்டதான் விசாரிக்காங்க" என்றார்கள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தார். அவர் என்ன செய்வார் பாவம்? அம்மா முன்னால் எப்படிச் சொல்வார்? பிறகு தனியாகச் சுபாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். வேலை அதிகம். மறந்திருக்கும்.

பேராசிரியர் ஐயாவுக்கோ கை நிறைய மேடை. ஆனால் ஒரே நிபந்தனை. "அம்மா, எந்தத் தலைப்பானாலும் ஒரு வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கோங்க. ஜனம் அதுக்குத்தான் வருது." இணையம் என்று தலைப்பு வந்தால், இணைத்து வைக்கிற கல்யாணத் தரகர்தானே என்று நான் கேட்க வேண்டும். கேட்டேன். தென்காசியில் ஒருமுறை நன்றாகத் தயார் செய்துகொண்டு போய், பிசகாமல் பேசினேன். "தப்பாப் பேசு! தப்பாப் பேசு!" என்று கூட்டம் கத்தியது. என்ன செய்ய, தப்பாகப் பேசினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேனேஜர் நிகிலன் எங்கள் வீட்டுக்கே வந்தார். மாப்பிள்ளைக்குத் தரையில் கால் படவில்லை. சுபா நல்ல டம்ளரை எடுத்தாள். அந்தத் தம்பி பணிவாகத்தான் பேசினார்.

"அம்மா, நீங்கதான் எங்க புது விளம்பரம். சின்னதுதான். ஒரு கடை பூட்டிக் கிடக்கும். உள்ளே நாற்காலி எல்லாம் கவுத்து வச்சிருக்கும். நீங்க வெளிப்படியில உக்காந்து போன்ல ஒரு தட்டுத் தட்டுறீங்க, கம்ப்யூட்டர் வந்துடுது. நீங்க கேமராவைப் பார்த்து, 'எனக்குச் செயலின்னா என்னன்னே தெரியாது. யாரும் எனக்கு விளக்கவும் இல்லை. ஆனா வாங்கிட்டேன்ல?' அவ்வளவுதாம்மா. செம காமெடி!"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பூட்டின கடை. கவிழ்த்த நாற்காலி. அது யார் உட்காருகிற நாற்காலி? மாப்பிள்ளையோ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார். "கண்டிப்பா சார், அத்தை பண்ணுவாக" என்கிறார்.

அவர் போனதும் கேட்டேன். "மாப்பிள்ளை, யாரும் விளக்க வேண்டாம்னா, உங்க வேலைக்கே அது..."

"அத்தை, இதெல்லாம் மார்க்கெட்டிங். உங்களுக்குப் புரியாது. ஏரியா இன்சார்ஜ் போடறேன்னு சார் வாயைத் திறந்து சொல்லியிருக்காரு. நீங்க பண்ண மாட்டேன்னா அவரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கடையே பூட்டியிருக்கிற ஏரியாவுக்கு என்ன இன்சார்ஜ் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படியெல்லாம் கேட்க முடியுமா? ஒன்றே ஒன்று மட்டும், வாய் அடங்காமல், கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குப் பேனருக்குப் பின்னால நீங்க சொன்னதாலதானே மாப்பிள்ளை நான் அப்படிப் பேசினேன்?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"சும்மா இருங்க அத்தை. நான் நல்லாப் பேசாதீங்கன்னுதான் சொன்னேன். நீங்க தெரியாமத்தானே பேசினீங்க? ஆப்புன்னு தப்பாச் சொல்லிக் கொடுத்ததே தான்தான்னு சுபா தினமும் சொல்லி வருத்தப்படுதா. அதுல என்ன இருக்கு, யாருக்குத்தான் எல்லாம் தெரியும்? நான் உங்களைக் குறைச்சு நினைக்கவே இல்லை."

குறைத்து நினைக்கவில்லை என்றார் பாருங்கள். எவ்வளவு பெரிய மனசு. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கத் தலை சுற்றியது. அந்த நாலு எட்டில் எனக்குத் தோன்றினது நிஜமா, அப்புறம் நானாக நினைத்துக்கொண்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று.

யோசித்துப் பார்த்தேன். அந்த விளம்பரத்தில் பேசினால் என் வாயாலேயே மாப்பிள்ளையின் கடையைப் பூட்டுகிறேன். பேச மாட்டேன் என்று சொன்னால் மேனேஜருக்கு அவர் மேல் கோபம், அவருக்கு என் மேல் கோபம். அன்றைக்குத் தெரிந்துதான் பேசினேன் என்று ஊருக்குச் சொன்னால், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் கடைசி வரை நான் செயலி அம்மா. என்ன பேசினாலும் யாருக்காவது ஆப்பு.

படம் எடுக்க வருகிற அன்று காலையில் குளித்தேன். திருச்செந்தூர் முருகன் படத்துக்கு விளக்கேற்றினேன். சுபா வந்து, "அம்மா, எந்தச் சேலை கட்டுறே?" என்றாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். முருகனைக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மௌன விரதமாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"எங்களுக்காகவா?"

அதற்கும் ஆட்டினேன். அவள் அழுதுவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவைப் போய்த் திட்டினேனே" என்று அழுதாள். முருகன் விஷயத்தில் மாப்பிள்ளை என்ன சொல்ல முடியும்? மேனேஜர் தம்பி ஷூவைக் கழற்றிவிட்டு வந்து விளக்கைக் கும்பிட்டார். பேச வேண்டாம், சும்மா படியில் உட்கார்ந்தால் போதும், குரல் வேறு யாராவது கொடுப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டும் பார்த்தார். சுபாதான் பாய்ந்தாள். "விரதத்துல இருக்கறவங்களை வச்சு விளையாடாதீங்க சார், குடும்பத்துக்கு ஆகாது." போய்விட்டார். விளம்பரத்தில் வேறு யாரோ ஒரு நடிகை நடிக்கப் போகிறாராம். அது என் வாயால் இல்லையே, எனக்கு அது போதும்.

சம்பந்தியம்மாகூட அதற்கப்புறம் கொடியைப் பார்ப்பதில்லை. வந்தால் என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ஐயா வேறு ஒரு பெண்ணைப் பேச வைத்துவிட்டார். நன்றாகப் பேசுகிறாளாம். தைப்பூசத்தோடு விரதம் முடியும் என்று சுபா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். தைப்பூசம் வந்தது, நான் மறுபடியும் உதட்டில் விரலை வைத்தேன். பங்குனி உத்திரமும் வந்து போய்விட்டது. மதுரையில் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன், அங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. நிம்மதியாக இருக்கிறேன். சில நேரம் அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும்போது, அந்தச் சத்தத்துக்குள் ஏதாவது சொல்லிக்கொள்வேன். பஸ்ஸில் பேசுவது கணக்கில் சேராது என்று முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் உங்களிடம் இவ்வளவும் சொன்னேன். சேரும் என்றால் அவன் பார்த்துக்கொள்வான்.

தச்சநல்லூர் தாண்டிவிட்டதா? அந்தப் பையை இப்படித் தாருங்கள். புது பஸ் ஸ்டாண்டில் பைக்கில் சாய்ந்துகொண்டு ஒருத்தர் நிற்பார், அவர்தான் மாப்பிள்ளை. நேரத்துக்கு வந்துவிடுவார், தங்கமான மனிதர். இறங்கும்போது போயிட்டு வாரேன் என்று என்னிடம் சொல்லிவிடாதீர்கள். நான் உங்களைத் தெரியாதவள் மாதிரிதான் போவேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன கேட்டாலும் இனி தலையைத்தான் ஆட்டுவேன்.

அதோ நிற்கிறார். சரி தாயே. வாயை மூடிக்கொள்கிறேன்.